இருபத்தேழாவது குறிப்பு

பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான் கொழுந்தன். கூடத்தில் அவளுடைய கணவர் குளிர்பெட்டிக்குள் கிடந்தார். மகள் விமானத்தில் வந்துகொண்டிருந்தாள். எல்லோரும் காத்திருக்க, இவனுக்கு மட்டும் நேரமில்லை.

"ஒரே ஒரு கையெழுத்து அண்ணி. அண்ணன் உங்க பேர்ல வாங்கி வச்ச பங்கையெல்லாம் வித்து இதுல போட்டுடலாம். திங்கக்கிழமை விலை எகிறிடும்."

அவள் மடியில் ஓர் ஆண்டறிக்கையை வைத்தான். அட்டையில் சூரியோதயம். உள்ளே கம்பெனித் தலைவர் கைகட்டிச் சிரித்தார். 'தொலைநோக்கு' என்று ஒரே பக்கத்தில் நான்கு முறை சொல்லியிருந்தார். கொழுந்தனும் அப்படித்தான் பேசுவான். வீட்டில் அவனுக்குச் சேர்மன் என்று பெயர். வைத்தவர் பெட்டிக்குள் இருந்தார்.

கல்யாணமான புதிதில் மற்றவர்கள் மனைவியைச் சினிமாவுக்குக் கூட்டிப் போனார்கள். தபால் அலுவலகக் குமாஸ்தாவான இவரோ சோப்புக் கம்பெனியின் ஆண்டறிக்கையோடு வந்து நின்றார். ஞாயிறு மதியங்களில் அவள் துணி மடிப்பாள். இவர் கடைசிப் பக்கத்தில் தொடங்கி, கணக்குக்கு அடியில் வரும் பொடி எழுத்துக் குறிப்புகளைத் துப்பறியும் கதைபோல ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பார்.

"முன்பக்கம் விருந்தாளிக்காகப் பெருக்கி வச்ச கூடம்டி. குப்பையெல்லாம் கட்டிலுக்கு அடியில. இப்ப பாரு, மாட்டப்போறான்!"

கொட்டாவி விட்டால் கோபித்துக்கொள்வார். எந்த வருஷத்தில் கொட்டாவி நின்று போனது என்று அவளுக்கு நினைவில்லை.

அறிக்கையைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தன. சேர்மன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. கொண்டை ஊசியை உருவிப் பக்கங்களைப் பிரித்து, கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வந்தாள்.

"லாபம் ரெண்டு மடங்கு அண்ணி!"

"சரி தம்பி. வித்த சரக்குக்குக் காசு வந்துச்சா?"

"அது... வரும்."

"மூணு வருஷமா வரல. கடன் வாங்கித்தான் ஓட்டுறாங்க. பாதிச் சரக்கை வாங்கினது யாரு தெரியுமா? தலைவரோட மச்சான் கம்பெனி. இருபத்தேழாவது குறிப்புல போட்டிருக்கான்."

அவன் பேனா மூடியை மாட்டப் பார்த்தான். அது சேரவில்லை.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஓய்வுப் பணம் மொத்தமும்." சேர்மன் மிடுக்கு எங்கேயோ போய்விட்டிருந்தது. "நீங்களும் போட்டா பயம் விட்டுப்போகும்னு நெனச்சேன்."

"போடுறதுக்கு முன்னாடி அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே தம்பி."

"கேட்டா, பின்னாடியிருந்து படிப்பாரே அண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. திங்கக்கிழமை சந்தை திறந்ததும் உங்க பங்கை வித்தா எவ்வளவு மிஞ்சும்னு பார்ப்போம்."

இருபத்தெட்டாவது குறிப்பை எடுத்தாள். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. சேர்மன் ஒற்றை விரலால் அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.