மூன்றாம் பொருளுக்கு ஆள் வேண்டும்

அகராதி அலுவலகத்தில் ஆசிரியருக்கு 'சான்று சார்' என்று பெயர். யார் எந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதிக்கொண்டு போனாலும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "சான்று எங்கே?" என்பார். நாமாக உட்கார்ந்து ஜோடித்த வாக்கியம் செல்லாது. ஒருவர் வாயிலிருந்து நிஜமாக வந்திருக்க வேண்டும். அதை இன்னொருவர் காதால் கேட்டிருக்க வேண்டும். இதற்காகவே அங்கே வேலை பார்த்தவர்கள் பஸ்ஸிலும் சலூனிலும் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

உதவி ஆசிரியை கொஞ்சம் குள்ளம். அதனால் 'குட்டி எடிட்டர்'. அன்று காலையிலிருந்தே அவளுக்கு வேலை ஓடவில்லை. காரணம், சான்று சாரின் ஒரே மகன். பல் டாக்டர். ஊரையே வாயைத் திறக்க வைக்கிறவனுக்கு, அப்பா முன்னால் தன் வாயைத் திறக்கத் துப்பில்லை. இரண்டு வருஷக் காதல் நடுத்தெருவில் நிற்க, ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மருந்துக்கடைக்காரர் மகளைப் பேசி முடிக்கப் போகிறார்கள்.

"நீயே சொல்லிடேன். அப்பாவுக்கு உன்மேல ரொம்ப மரியாதை," என்றான் போனில்.

"கல்யாணத்தன்னைக்கும் உனக்கு லீவா? அதையும் நானே பாத்துக்கட்டுமா?"

இன்று வெள்ளிக்கிழமை. மேசைமேல் இருந்த சொல்லோ, 'மாமா'.

"படிம்மா," என்றார் சான்று சார்.

"முதல் பொருள், அம்மாவோட கூடப்பிறந்தவர். இந்தியிலயும் இதேதான் சார். ஆனா ருஷ்ய மொழியில, ஸ்வாஹிலியில எல்லாம் மாமான்னா அம்மா. ஜார்ஜிய மொழியில அப்பா."

"அப்பாவா! அப்போ அம்மாவை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"தேதா."

"நல்லவேளை, நாம அங்க சம்பந்தம் பண்ணலை. யாரு பொண்ணைக் கொடுத்தாங்கன்னே தெரியாது."

சம்பந்தம் என்றதும் அவளுக்கு வரி தவறியது. கனைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "கொரிய அரண்மனையில ராஜாவையே மரியாதையா மாமான்னுதான் கூப்பிட்டிருக்காங்க."

"இதை என் மச்சான்கிட்ட சொல்லிடாதே. இப்பவே என் பையன் மாமான்னு கூப்பிட்டா போதும், கால்மேல கால் போட்டுக்கிட்டுக் காபி கேக்குறான். சரி, சொல் பிறந்த கதை?"

"அதுலதான் சண்டை சார். மேல்மாடிக்காரர், தமிழ்லேர்ந்து சமஸ்கிருதத்துக்குப் போச்சுங்கிறார். பக்கத்து சீட்டுக்காரர், இல்லவே இல்லை, அங்கேர்ந்துதான் இங்க வந்துச்சுங்கிறார். ரெண்டு பேருக்கும் இப்போ பேச்சே கிடையாது. பால் குடிக்கிற குழந்தை உதட்டைச் சேர்த்துத் திறந்தா எந்த ஊர்லயும் இந்தச் சத்தம்தான் வரும்னு நான் எழுதியிருக்கேன். பக்கத்துல நின்னவங்க, என்னைத்தான் கூப்பிடுதுன்னு எடுத்துக்கிட்டாங்க போல."

"ஜார்ஜியாவுல அப்பன்காரன் முந்திக்கிட்டான்!" அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அடுத்தது?"

"ரெண்டாவது, அத்தையோட புருஷன். அதுக்குச் சான்று இருக்கு சார். மூணாவது பொருள், புருஷனோட அப்பா."

"சான்று எங்கே?"

"கிடைக்கலை சார். நம்ம ஆபீஸ்ல கல்யாணமான ரெண்டு அக்காவும் மாமனாரோட பேசுறதே இல்லையாம்."

"சாயங்காலம் பக்கம் அச்சுக்குப் போகணும். ஊர்ல ஒரு மருமகள்கூடவா வாயைத் திறக்கலை?"

அவள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது இல்லையென்றால் எப்போதும் இல்லை.

"மாமா, உங்க பையன் என்னைத்தான் கட்டிக்குவேன்னு நிக்கிறார். உங்ககிட்ட சொல்லப் பயந்துக்கிட்டு ரெண்டு வருஷமா முழிக்கிறார். ஞாயித்துக்கிழமைப் பேச்சை நிறுத்துங்க, மாமா."

சான்று சார் தலை நிமிராமல் மளமளவென்று எழுதிக்கொண்டே போனார். "அருமை. உயிருள்ள வாக்கியம். கொஞ்சம் நீளம்தான், பரவாயில்லை. யார் சொன்னது?"

"நான்."

"எங்கே?"

"இங்கேதான். இப்போ."

"யாரைப் பாத்து?"

அவள் அவரையே பார்த்தாள். பேனா நின்றது. நெற்றியில் இருந்த கண்ணாடி தானாகவே மூக்குக்கு இறங்கியது.

"பல் டாக்டரா?" என்றார், வீட்டில் ஏழெட்டு மகன்கள் இருப்பதுபோல.

"ஆமா சார்."

அவர் எழுதியதை மறுபடி படித்தார். இன்னொரு முறையும் படித்தார். "இது செல்லாது."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அடிச்சிடட்டுமா சார்?"

"யாரைக் கேட்டு அடிப்பே? பொருள் என்ன போட்டிருக்கு? புருஷனோட அப்பா. கல்யாணமே ஆகலை. உன் வாக்கியம் பொருளுக்கு முன்னாடி ஓடுது. அதான் செல்லாதுங்கிறேன்." போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். "இங்க பாரு, மருந்துக்கடைக்காரரை வரவேண்டாம்னு சொல்லிடு. உம் பையன் இங்க ஒரு பொண்ணை..."

"குட்டி எடிட்டர்தானே? அப்பாடா, ஒருவழியா உங்களுக்கும் தெரிஞ்சுதா!" மனைவியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

அவர் போனை வைத்தார். "ஊர்ப் பேச்சையெல்லாம் ஒட்டுக் கேக்குறேன். என் வீட்டுப் பேச்சு என் காதுல விழலையே," என்று முணுமுணுத்துவிட்டு, அச்சகத்துக்கு அடித்தார்.

"அந்தப் பக்கம் இன்னைக்கு வராதுப்பா. எப்போ வருமா? இரு, கேட்டுச் சொல்றேன்." போனைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, உங்கப்பாவுக்கு எந்த மாசம் தோதுப்படும்?"