பெட்சார்ட்டின் குண்டுகள் நின்ற புல்வெளி

காஸ்பர் பெட்சார்ட் இருபத்தைந்து வருஷமாகச் சுட்ட குண்டுகளில் ஒன்றுகூட இலக்கைத் தொட்டதில்லை. எல்லாம் பாதி வழியில், புல்வெளிக்கு மேலே, ஆள் நெஞ்சுயரத்தில் அப்படியே நின்றுவிட்டன. அந்த சுவிஸ் மலையூரில் பாதிரியார் முதல் பால்காரன் வரை எல்லாருக்கும் இது தெரியும். காஸ்பருக்கு மட்டும் தெரியாது. சுடுகிறவர்கள் மேட்டிலேயே படுத்துச் சுட்டு, மேட்டிலேயே பீர் குடித்து, மேட்டுப் பாதையிலேயே வீடு திரும்புவது அங்கே வழக்கம். கீழே இறங்க அவருக்கு வேலையே இருந்ததில்லை. "அந்தப் புல்வெளியில ஈத் தொல்லை ஜாஸ்திப்பா" என்பார், தூரத்தில் தெரியும் கறுப்புப் புள்ளிகளைக் காட்டி. "ஆமாமா, மாடு மேயுற இடமாச்சே" என்று மற்றவர்கள் பீருக்குள் பார்த்துக்கொள்வார்கள்.

துப்பாக்கி அவருடைய அப்பாவுடையது. போர்க்காலம் முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு எல்லையில் காவல் நின்ற மனுஷன், ஒரு ஆளைக்கூடச் சுட்டதில்லை. அவரை அடக்கம் செய்த வாரமே காஸ்பர் அதோடு ஊரின் துப்பாக்கி சுடும் திருவிழாவுக்கு வந்தார். இலக்குக்கு அடியில் பள்ளத்தில் நின்று, குண்டு பட்ட இடத்தைக் கோலில் மாட்டிய தகட்டால் காட்டுகிறவன் மைன்ராட், காஸ்பரின் உயிர் நண்பன். இலக்கை இறக்கிப் பார்த்தான், ஓட்டையே இல்லை. அப்பனைப் பறிகொடுத்து நிற்கிறவனுக்கு முட்டையைக் காட்ட மனசு வராமல், தகட்டை நட்டநடுவில் வைத்து ஆட்டினான். அத்தோடு விட்டிருக்கலாம், பாவி. வருஷா வருஷம் ஆட்டினான். காஸ்பரின் தொப்பியில் பதக்கம் ஏற ஏற, அவர் நடையே மாறிப்போனது.

பிறகு துப்பாக்கிச் சங்கத்தில் மின்சார இலக்கு வாங்கினார்கள். அதற்கு யார்மேலும் இரக்கம் கிடையாது. சுட்ட அத்தனைக்கும் பூஜ்யம். மெஷின் கோளாறு என்று காஸ்பர் குதித்தார். மைன்ராட் தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"மெஷின் சரியாத்தான் இருக்கு, காஸ்பர். கீழ வா, காட்டுறேன்."

புல்வெளியில் குண்டுகள் கூட்டமாக நின்றன. பழையவை கறுத்திருந்தன, காலையில் சுட்டவை பளபளத்தன. பிடித்து இழுத்தார், அசையவில்லை. ஒன்றில் யாரோ மாடு மேய்க்கிறவர் தன் கோட்டை மாட்டியிருந்தார். அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் காஸ்பர் தொப்பியைக் கழற்றினார். பதக்கங்களைத் தொப்பியிலிருந்து பிடுங்கி மைன்ராட்டின் கையில் திணித்தார்.

"வச்சுக்க. நீ ஜெயிச்சதுதானே எல்லாம்."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்டா..."

"ஊரே என்னைப் பாத்துச் சிரிச்சிருக்கு. நீ என் மனசப் பத்திப் பேசுற."

வீட்டில் மனைவி அகாதா சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். "உனக்கும் தெரியுமா?" என்று கேட்டார். அவள் கரண்டியை நிறுத்தவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரியுங்க."

அதற்குப் பின்னும் காஸ்பர் ஞாயிறுதோறும் அதே துப்பாக்கியால் சுட்டார். பூஜ்யத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். குண்டுகள் போய்ப் போய் நின்றன. புல் அறுக்கிறவர்கள் குனிந்து அறுத்தார்கள், யாருக்கும் அதில் சிரமம் இல்லை. மைன்ராட்டோடு சாகும்வரை பேசவில்லை. அகாதாவோடு பேசினார். ஆனால் வெளியே மழை பெய்கிறது என்று அவள் சொன்னால், ஜன்னல் வழியே கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் குடையை எடுத்தார்.