நிறுக்காமல் விட்டவர்கள்

முதியோர் இல்லத்தில் அந்த நர்ஸுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் ‘கடிகாரம்’. மருந்து, குளியல், சாப்பாடு எல்லாம் முள் காட்டும் நேரத்துக்கு நடந்தாக வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அவள் பார்வையே ஆளைச் சுட்டுவிடும். அப்படிப்பட்டவளைப் பிடித்து, மருத்துவ, சமூக நலப் பணியாளர்களுக்கான புள்ளியியல் அறிமுகப் பயிற்சிக்கு அனுப்பிவைத்திருந்தார் நிர்வாகி. கணக்கு என்றாலே அவளுக்கு ஆகாது. ஆனாலும் தெம்பாகத்தான் வந்திருந்தாள். ஒவ்வொருவரும் தங்கள் வேலையிடத்துக் கணக்கு ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மார்தட்டிக்கொள்ளும்படி அவளிடம் ஒன்று இருந்தது.

போன வருடம் ஆள் பற்றாக்குறையால் அவள் பார்த்துக்கொள்ளும் மாடியில் இரவுச் சாப்பாடு படாதபாடாக இருந்தது. ஏழரைக்கு ஊட்டத் தொடங்கினால் ஒன்பதரை ஆகிவிடும். பேசாமல் ஐந்து மணிக்கே முடித்துவிடலாம் என்று யோசனை சொன்னவள் அவள்தான். அந்த நேரத்தில் யாருக்குப் பசிக்கும், அப்புறம் விடியும்வரை வயிறு காய வேண்டுமே என்று சமையல்காரர் முணுமுணுத்தார். அவர் வாயை அடைக்கவே மாதாமாதம் மாடியில் எடை பார்த்துச் சராசரி எடுத்தாள். சராசரி குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. நிர்வாகிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து மற்ற மாடிகளிலும் ஐந்து மணிதான் என்று உத்தரவே போட்டுவிட்டார். அப்புறம் கடிகாரத்தைக் கையில் பிடிக்க முடியுமா?

அந்த மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் அவளுடைய அக்காவும் இருந்தாள். பக்கவாதம் வந்து பேச்சுப் போனவள், பிடித்துக்கொண்டால் நிற்பாள். அம்மா இல்லாத வீட்டில் தங்கைக்குத் தலைவாரிவிட்டு, தன் படிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு அவளைப் படிக்கவைத்தவள். கண் பார்வையிலேயே இருக்கட்டும் என்றுதான் தங்கை இங்கே கொண்டுவந்து சேர்த்தாள். சொந்தக்காரி என்று சலுகை காட்டியதாக ஒரு சொல் வந்துவிடக் கூடாதே, அதனால் அக்காவுக்கும் அதே ஐந்து மணிதான்.

மாலைத் தேநீர் குடித்து, மணி ஆறைத் தாண்டியும் வகுப்பு இழுத்துக்கொண்டே போனது. சளி பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே பாடம் நடத்திய பயிற்சியாளர் அவள் மேசைக்கு வந்து, அவள் கொண்டுவந்திருந்த சராசரி எடையின் வரைபடத்தைப் பார்த்தாள்.

“நல்லா ஏறுதே சிஸ்டர். இப்ப சராசரிய விட்டுட்டு ஆளுக்கு ஒரு கோடு போடுங்க. யார் யாரு ஏறியிருக்காங்கன்னு பாக்கலாம்.”

“சிஸ்டர் வாங்கற பாராட்டுல எங்களுக்கும் கொஞ்சம் பிச்சுக் குடுங்க” என்றார் பக்கத்தில் இருந்த சமூகப் பணியாளர். அவள் சிரித்துக்கொண்டே எடை நோட்டைப் பிரித்து வைத்து, பென்சிலை எடுத்தாள்.

முதல் கோடு இறங்கியது. அந்தத் தாத்தாவுக்குச் சர்க்கரை, அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டாவதும் இறங்கியது. அந்த அம்மா மகன் போனதிலிருந்தே சரியாகச் சாப்பிடுவதில்லை. மூன்றாவது கோடு இறங்கிப் பாதியில் நின்றுவிட்டது. அதற்கடுத்ததும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் சொல்லிக்கொள்ளச் சமாதானங்கள் தீர்ந்துபோயின, கோடுகள் தீரவில்லை. ஏறிய கோடு ஒன்றுகூட இல்லை.

“இதெல்லாம் ஏன் பாதியில நிக்குது? இறந்துட்டாங்களா?” என்று கேட்டாள் பயிற்சியாளர்.

“அப்ப இல்ல. எங்ககிட்ட இருக்கறது ஏறி நிக்கற மெஷின். நிக்க முடியாதவங்கள நிறுக்காம விட்டுடுவோம்.”

“விட்டுட்டு, மிச்சப்பேருக்குச் சராசரி?”

“ஆமா.”

பயிற்சியாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பாதியில் நின்ற கோடுகளின் முனைகளை விரலால் தொட்டாள். “அப்ப மெலிஞ்சு மெலிஞ்சு படுத்தவங்கல்லாம் கணக்கவிட்டே போயிடறாங்க. கனமா இருக்கறவங்கதான் மிஞ்சறாங்க. சராசரி ஏறாம என்ன பண்ணும் சிஸ்டர்?”

சமூகப் பணியாளர் வேறு பக்கம் பார்த்தார். நின்றுபோன அந்தக் கோடுகளில் பலருடைய கட்டிலில் இப்போது வேறு ஆட்கள் படுத்திருப்பது அவளுக்குத் தெரியும். வயசானவங்க, என்ன பண்றது என்று உறவினர்களிடம் சொன்னதும் அவள்தான்.

அக்காவின் கோட்டைக் கடைசியாகப் போட்டாள். அதுவும் இறங்கியது. மற்றவர்களின் கோடுகள் நின்றுபோன உயரத்துக்குப் போன மாதமே வந்துவிட்டிருந்தது. இந்த மாதத்துக்கு நிறுப்பது இன்றைக்குத்தான். அவள் எழுந்து வராந்தாவுக்கு வந்து மாடி ஆயாவுக்குப் போன் போட்டாள்.

“எடை பாத்தாச்சா?”

“எல்லாம் ஆச்சு சிஸ்டர். கணக்கும் போட்டுட்டேன். போன மாசத்தவிட சராசரி கூடியிருக்கு. நீங்க கேட்டா சந்தோஷப்படுவீங்கன்னு நானே கூப்பிட இருந்தேன்.”

“இந்த வாட்டி யார விட்டீங்க?”

ஆயா தயங்கினாள். “ஒரே ஒரு ஆளுதான். உங்க அக்கா. ரெண்டு பேரு தாங்கிப் புடிச்சும் கால ஊனல. அதான் நீங்க சொன்ன மாதிரியே விட்டுட்டோம்.”

“சாப்பிட்டாளா?”

“அஞ்சு மணிக்கு ஊட்டப் போனேன். வாயத் தொறக்கல. நேரம் முடிஞ்சுதுன்னு தட்ட எடுத்துட்டேன்.”

“எழுப்பி ஏதாவது குடு. பாலாவது குடு.”

“சமையல்கட்டப் பூட்டிட்டு அவரு போயிட்டாரே. இனிமே காலையிலதான் சிஸ்டர்.”

கைப்பையைக்கூட எடுக்காமல் படியிறங்கினாள். தெருவில் வண்டிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. எடை மெஷின் வேண்டியதே இல்லை, அவளுடைய கைகளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். நேற்று அக்காவைப் புரட்டிப் படுக்கவைத்தது அவள்தான். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை, ஒற்றைக் கையாலேயே புரட்டினாள். பரவாயில்லையே, முன்போல முதுகு பிடித்துக்கொள்வதில்லையே என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போயிருந்தாள்.