கலாவதியின் சாமை

ஏற்காட்டு மலையில் கரடியூரில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தால் ஊரார் சாமையெல்லாம் படுத்துவிடும். கலாவதியின் சரிவில் மட்டும் நிமிர்ந்து நிற்கும். அந்தக் கதிர்களைத்தான் தம்பி யுவராஜ் உறையில் போட்டுக் கொண்டுபோனான். விதைக் கம்பெனியில் அவனுக்கு வேலை. பயிரின் மரபணுவைப் படித்துவிட்டு, எந்த ரகத்தை எதோடு சேர்க்கலாம் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாம்.

பொங்கலுக்கு வந்தவனிடம் ஆசையாகக் கேட்டாள்.

"நம்ம சாமைக்கு என்ன சொல்லுச்சு கண்ணு?"

"அதுல ஒண்ணுமில்லையாம்க்கா. உட்டுட்டு சவ்சவ் போடு."

படித்தவன், கூடப்பிறந்தவன், வேறென்ன யோசிக்க? விதைக்கு வைத்திருந்ததையும் குத்திப் பொங்கினாள்.

அடுத்த ஆடியில் ஒண்டிக்கடை ரவுண்டானா அருகே மண்டபத்தில் கம்பெனிக் கூட்டம். யுவராஜ் மேடையோரம் லேப்டாப்பும் கையுமாக நின்றான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. சுஜாதா என்ற அதிகாரி திரையில் படம் காட்டினாள்.

"ஆயிரக்கணக்கான ரகங்கள்ல சாயாத குணத்துக்கு ஏ.ஐ. தேர்ந்தெடுத்தது இதைத்தான். இதை வெச்சுத்தான் புது ரகம் உருவாக்கிட்டு வர்றோம். ஏற்காட்டுல புறம்போக்குல கிடைச்சது."

கதிர்களுக்குப் பின்னால் தெரிந்தது கலாவதியின் மாட்டுக்கொட்டகை.

"ஏனுங்க, அது புறம்போக்கு இல்லீங்க. எங்க வெள்ளாமைக் காடுங்க."

"யுவராஜ், சேம்பிள் எடுத்தது நீங்கதானே?"

இப்போது சொல்லிவிடுவான் என்று கலாவதி அவனையே பார்த்தாள்.

"அந்தம்மா வேற எடத்தச் சொல்றாங்க மேடம்."

அந்தம்மா! கலாவதி வெளியே வந்துவிட்டாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"அக்கா, ஆரோட விதைன்னு சொன்னா அனுமதி, ஒப்பந்தம்னு வருசக்கணக்கா இழுக்கும். புறம்போக்குன்னு நாந்தான் பதிஞ்சேன். தெரிஞ்சா வேல போயிரும்."

"ஆகாத விதைன்னியே, அது?"

"நீ போட்டுக்கிட்டே இருந்தா என்னைக்காச்சும் ஆராச்சும் கண்டுபிடிச்சிருவாங்கன்னு..."

"அத நான் பொங்குனப்ப மொதச் சோறு உனக்குத்தானடா போட்டேன். தின்னுட்டுப் பேசாம போனியே!"

வாசலுக்கு சுஜாதா வந்துவிட்டாள். யுவராஜ் கண்ணாலேயே கெஞ்சினான். கலாவதி சுஜாதாவைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க காடுதானுங்க. கதிரு அறுத்துக் குடுத்தது நாந்தானுங்க. இவன் எந்தம்பிங்க."

அந்த மாதமே அவன் வேலை போயிற்று. கம்பெனியின் குளிர் அறையில் மிஞ்சியிருந்த விதையில் ஒரு பையை சுஜாதா வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். நொம்ப சந்தோசமுங்க என்று சொல்ல நினைத்தாள் கலாவதி. பையை வாங்கிக்கொண்டு, "எந்தம்பிக்கு வேற வேல கெடைக்குங்களா?" என்றுதான் கேட்டாள்.