ஆல்ஃபின் பதினொரு பேர்

அமெரிக்காவில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்த ஆல்ஃப், ஒரு காலத்தில் இங்கிலாந்தில் ஃபுட்பால் ஆடிச் சம்பளம் வாங்கியவர். நிலக்கரிச் சுரங்க ஊர்க்காரர். பதினேழு வயதில் கிளப்பில் சேர்ந்து, பதினான்கு வருடம் பின்வரிசையின் நடுவில் நின்று, உயரத்தில் வரும் பந்தையெல்லாம் தலையால் முட்டித் தள்ளியிருக்கிறார். மழையில் நனைந்தால் அந்தக் காலத்துத் தோல் பந்து செங்கல் மாதிரி கனக்குமாம். முழங்கால் போனபின் கோச் வேலைக்கு நியூ ஜெர்சி வந்தார்.

ஒரு பெரிய கிளப்பைத் தோற்கடித்த தன் அணியின் பதினொரு பேரையும் கோல்கீப்பரில் தொடங்கி வரிசையாகச் சொல்வார். தினமும் சொல்வார். அடுப்பை அணைக்கத்தான் மறப்பார்.

1997 அக்டோபரில் அவர் மகள் ஜேனட் டெக்சாஸிலிருந்து போன் பண்ணினாள். வெள்ளிக்கிழமை டாக்டர் அவருடைய ஞாபகத்தைச் சோதிப்பார். தேறாவிட்டால் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லம்.

"நான் போக மாட்டேன், மோசஸ்," என்று ஆல்ஃப் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

நான் பாளையங்கோட்டையில் மனப்பாடம் பண்ணியே டிகிரி வாங்கியவன். என்ன கேட்பார்கள் என்று ஆபீஸில் விசாரித்து ஐந்து பதில்களை எழுதினேன்: வருடம், மாதம், கிழமை, ஊர், ஜனாதிபதி. காலையும் மாலையும் ஒப்பிக்க வைத்தேன்.

"ஏங்க, இதென்ன டென்த் பப்ளிக்கா?" என்று என் மனைவி ஜூடித் சிரித்தாள். "தப்பா சொன்னா முட்டி போட வச்சிராதீங்க. ஏற்கெனவே முழங்கால் போச்சு."

"சும்மா இரு. பாஸ் ஆயிட்டா வீடு தப்பிச்சிரும். நமக்கும் ரூம் தப்பிச்சிரும்."

"அங்கிளுக்கு வியாதிங்க. டாக்டர்கிட்டயே மறைப்பீங்களா?"

வியாழக்கிழமை ஆல்ஃப் தடங்கலே இல்லாமல் ஒப்பித்தார்.

மறுநாள் நான்தான் டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனேன். ஜேனட்டும் வந்திருந்தாள். டாக்டர் முதலில் கேட்டது இதுதான்: "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

ஆல்ஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொண்ணூத்தேழு. அக்டோபர். வெள்ளிக்கிழமை. மான்மவுத் ஜங்ஷன்." ஜனாதிபதி வரை சொல்லி முடித்துவிட்டு, சரியா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

டாக்டரும் என்னைப் பார்த்தார்.

ஜேனட் சத்தம் போடவில்லை. "அடுப்ப எத்தனை தடவ மறந்தாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"நாலு," என்றேன்.

நவம்பரில் வீடு விற்பனைக்கு வந்தது. நாங்கள் பக்கத்து ஊரான எடிசனுக்குக் குடிபோனோம்.

கிறிஸ்துமஸுக்கு ஜூடித் செய்த கேக்கோடு இல்லத்துக்குப் போனேன். சக்கர நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"ஆல்ஃப், அன்னிக்கு கோல்கீப்பர் யாரு?" என்றேன். அந்தப் பெயர் எனக்கே தெரியும்.

"தொண்ணூத்தேழு," என்றார். "அக்டோபர். வெள்ளிக்கிழமை."