அமராவதி அக்காவின் நித்திரை

விடியமுன் பகல் வேலைக்காக நாங்கள் அரிசி மில்லுக்குள் நுழைந்தபோது, இரவெல்லாம் அவித்த நெல்லை அமராவதி அக்கா பீப்பாயிலிருந்து வாளி வாளியாக அள்ளிக்கொண்டிருந்தார். ஆவியில் முகம் தெரியவில்லை. வாளியை வாங்கக் கை நீட்டினேன். அதற்குள் அவருடைய கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. அடுப்பை நோக்கி விழுந்தார்.

இயந்திரம் ஓட்டும் முத்துலிங்கம் அண்ணை பாய்ந்து இழுத்தார். அக்காவின் கால்கள் மண்ணை உதைத்தன. இரும்பு பிடித்தால் வலிப்பு நிற்கும் என்று யாரோ அக்காவின் கையில் திறப்புக் கோர்வையைத் திணித்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ண மட்டுந்தான் எனக்குத் தெரிந்தது. நூற்றிருபதில் உடம்பு அடங்கியது. முழங்கைத் தோல் வெந்திருந்தது.

ஆசுப்பத்திரியில் டொக்டர் கேட்டார்: "வலிப்புக் குளிசை ஒழுங்காப் போடுறா எண்டுறியள். நித்திரை கொள்ளுறாவோ? இரவில முழிச்சிருந்தால் வலிப்பு வரும்."

வீட்டுக்கு வந்து, வேலை முடிந்து நான் போகும் மாலை வகுப்புக்காக எழுதும் நாட்குறிப்பைப் புரட்டினேன். தொண்ணூற்றெட்டு மாசியிலிருந்து அக்காவுக்கு ஆறு தரம் வலிப்பு வந்திருந்தது. முதலாவது, இரண்டு இரவு பதுங்குகுழிக்குள் முழித்திருந்த பிறகு. மற்ற ஐந்தும் இரவு அவிப்பு முடிந்த விடியலில். பிழையாக எழுதிவிட்டேனோ என்று திரும்பப் பார்த்தேன். பிழையில்லை. மாசியில், அந்த முதல் வலிப்புக்குப் பிறகு, இயந்திரப் பட்டிக்குள் விழுந்துவிடுவார் என்று பயந்து அவரை இரவு அவிப்புக்கு மாற்றும்படி கேட்டது நாங்கள். அந்த யோசனை என்னுடையது.

மறுநாள் அக்காவும் நாங்கள் ஏழு பேரும் தயாபரன் முதலாளியிடம் போனோம்.

"இரவு முழிப்பாலதான் அவாக்கு வலிப்பு வருது ஐயா. பகலில நெல்லுக் காயப்போடுற களத்தைக் குடுங்கோ. இரவை நாங்கள் ஏழு பேரும் முறை போட்டு எடுக்கிறம்" என்றேன்.

"பழக்கமில்லாதவை அவிச்சால் நெல்லு பாழ். மாலை வகுப்புக்குப் போன உடன டொக்டரோ, ராஜினி?"

"இல்லை ஐயா. வலிப்பு வந்த திகதிதான் எழுதுவன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலாளியின் முகம் இறுகியது.

"இரவுக்கு வரட்டும். இல்லாட்டி வரவே வேண்டாம்."

"வேணாம் புள்ள, நான் வர்றேன்" என்றார் அக்கா. "வேலை போனா தேயிலை மலைக்கா திரும்பிப் போறது?" வெந்த முழங்கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்.

முத்துலிங்கம் அண்ணை முன்னுக்கு வந்தார். "அப்ப இண்டைக்கு அடுப்பு எரியாது, முதலாளி. தொட்டியில ஊறுற நெல்லு நாறும்."

"வெருட்டுறியோ?"

"வெருட்டேல்லை, முதலாளி. பயத்திலதான் கதைக்கிறன்."

பொழுதுபடும்போது எரியாத அடுப்பின் முன் ஏழு பேரும் இருந்தோம். வகுப்புக்கு நான் போகவில்லை. முதலாளியின் மோட்டார் சைக்கிள் வாசலில் உறுமியபடி நின்றது, அவர் இறங்கவில்லை. நாளைக்கு எல்லோரையும் வேலையிலிருந்து துரத்தலாம். பக்கத்தில் சாக்கின் மேல், கதைத்துக்கொண்டிருந்த அமராவதி அக்கா பாதிச் சொல்லில் நித்திரையாகிவிட்டார்.

முத்துலிங்கம் அண்ணை வாசலைப் பார்த்துக் கை காட்டினார்.

"எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ முதலாளி. அவா நித்திரை."