ஸ்தமாதியா நின்ற தரை

ஸ்தமாதியா கால் வைத்த தரையெல்லாம் ஆடத் தொடங்கியது ஜூன் மாதத்து முதல் வியாழக்கிழமை, மாலை ஏழே முக்கால் மணிக்கு. கப்பலிலிருந்து இறங்கி, கிரேக்க நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தின் ஓரமாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தாள். தரை அவளுக்கு மட்டும் ஆடவில்லை. அவளைச் சுற்றிப் பதினோரு தப்படிக்குள் இருந்த எல்லாருக்கும் ஆடியது. எள் தூவிய ரொட்டி வளையம் விற்பவரின் தள்ளுவண்டி இடப்பக்கம் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, வலப்பக்கம் சாய்ந்தது. அவர் "நிலநடுக்கம்!" என்று கத்தினார். ஊர்ப் பழக்கப்படி எல்லாரும் நடுத்தெருவுக்கு ஓடினார்கள், ஸ்தமாதியாவும் ஓடினாள். அதனால் நடுத்தெருவும் ஆடியது.

அப்போது அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. பயணிகளை ஒரே நாளில் மூன்று தீவுகளுக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவரும் கப்பலில் இருபத்தாறு வருடமாக வேலை. ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை, வாரத்துக்கு ஆறு நாள். காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று ஆள் எண்ணுவாள். இத்ராவில் ஒன்றரை மணி நேரம், போரோஸில் ஐம்பது நிமிடம், எகினாவில் இரண்டு மணி நேரம், பிந்துகிறவர்களுக்காகக் கப்பல் நிற்காது என்று ஒலிபெருக்கியில் நான்கு மொழியில் சொல்வாள். மதியம் சாப்பாடு பரிமாறுவாள். திரும்பும் வழியில் இசைக்காரர்கள் வாசிக்க, வெயிலில் வதங்கிப்போன வெளியூர்க்காரர்களைக் கைபிடித்து இழுத்து வட்டமாக ஆடவைப்பாள். இந்த இருபத்தாறு வருடத்தில் அந்த மூன்று தீவுகளில் எதிலும் அவள் ஒரு தெருவுக்கு மேல் நடந்ததில்லை. கப்பலில் அவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததும் இல்லை. பணியாளர்கள் உட்காரக் கூடாது என்று விதி ஒன்றும் கிடையாது. உட்கார நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

கெரட்சினியில் அவள் வீடு ஆறு மாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடி. அன்று மாலை அவள் படியேறியதும் கட்டடம் துறைமுகத்துப் படகைப் போல அசையத் தொடங்கியது. நான்காவது மாடியில் சூப்புக் கிண்ணம் மேசையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் போய்வந்தது. இரண்டாவது மாடியில் புனிதர் படத்துக்கு முன் தொங்கிய எண்ணெய் விளக்கு சுவரில் கரிக்கோடு போட்டது. முதல் வாரம் எல்லாரும் தலையணையோடு தெருவில் இருந்தார்கள். நில அதிர்வை அளப்பவர்கள் வந்து பார்த்துவிட்டு, நாட்டில் எங்கும் எந்த அதிர்வும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பொறியாளர் ஒருவர் வந்து, கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பாதிரியார் புனித நீர் தெளித்தார், அதில் பாதி அவர் அங்கியிலேயே விழுந்தது. ஸ்தமாதியா வேலைக்குப் போனால் ஆட்டம் நிற்கிறது, வந்தால் தொடங்குகிறது என்பதைக் கடைசியில் கண்டுபிடித்தவர் குடியிருப்பின் நிர்வாகியான யெராசிமோஸ். ஓய்வு பெற்ற தபால்காரர்.

"ஏம்மா ஸ்தமாதியா, அஞ்சாவதும் பொண்ணாப் பொறந்ததும், போதும் நிறுத்துன்னு உங்கப்பா உனக்கு 'நில்லு'ன்னு அர்த்தம் வர்ற இந்தப் பேரை வச்சாரு. அவருக்காகவாவது வீட்டைக் கொஞ்சம் நிறுத்தேன்" என்றார் அவர், படிக்கட்டுக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"எனக்கப்புறம் இன்னும் ரெண்டு பொண்ணு பொறந்துச்சு" என்றாள் ஸ்தமாதியா. சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

மருத்துவமனையில் அவளைப் படுக்கவைத்ததும் அந்தப் பிரிவில் இருந்த பதினெட்டுக் கட்டிலும் ஆடின. மருத்துவர் நாற்காலியோடு சுவர்வரை போய்த் திரும்பி வந்து, உடம்பில் கோளாறு ஒன்றுமில்லை, களைப்புதான், ஓய்வு எடுங்கள் என்றார். "எங்க போயி எடுக்கறது டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

இதில் அதிகம் அடிபட்டவர் அவள் கணவர் சராந்திஸ். பெராமாவின் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளில் முப்பத்து நான்கு வருடம் பற்றவைப்பு வேலை செய்தவர். எத்தனையோ கப்பல்களின் அடிவயிற்றைத் தைத்த அந்த மனிதருக்குத் தண்ணீரில் மிதக்கும் எதுவும் ஆகாது. கல்யாணமான மறுநாள் எதிர்க்கரை சலமினாவுக்குப் போகும் கால் மணி நேரப் படகில் ஏறி, புது மாப்பிள்ளை உடையோடு தரையில் படுத்துவிட்டார். அதோடு சரி. மனைவி வேலை பார்த்த கப்பலை இருபத்தாறு வருடமும் கரையிலிருந்துதான் பார்த்தார். இப்போது கடல் வீட்டுக்கே வந்துவிட்டது. ஒன்பது நாள் எலுமிச்சையை முகர்ந்துகொண்டும் வாளியைக் கட்டிக்கொண்டும் பொறுத்தார். பத்தாவது நாள் நாலு கிலோ குறைந்த உடம்போடு நிகேயாவில் இருந்த தங்கை வீட்டுக்குப் போனார். பேருந்தில் ஏறும்போது அழுதார். ஸ்தமாதியா வழியனுப்பப் போகவில்லை. போனால் பேருந்தும் ஆடும்.

அதன்பின் தினமும் தொலைபேசியில் பேசினார்கள்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"நின்னுக்கிட்டா?"

"ஆமா."

வடக்கிலிருந்து வீசும் கோடைக்காற்று ஜூலை மாதத்தில் வலுத்தது. ஒரு புதன்கிழமை இத்ராவுக்கும் போரோஸுக்கும் நடுவில் கப்பல் தலைகீழாகாத குறைதான். தட்டுகள் சரிந்தன, இசைக்காரரின் வயலின் தானாக ஒரு வரி வாசித்தது, பயணிகள் கிடைத்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்கள். ஸ்தமாதியா மட்டும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று, பயப்படாதீர்கள் என்று நான்கு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே மேசையில் இருந்த தண்ணீர்க் குவளையில் ஒரு சுழிகூட இல்லை. இதை முதலில் கவனித்தது டச்சுக்காரக் கிழவி ஒருத்தி. முட்டி போட்டு நகர்ந்து வந்தவள், ஸ்தமாதியாவுக்குப் பதினோரு தப்படி தூரத்தில் ஒரு கோட்டைத் தாண்டியதும் எழுந்து நின்று, கலைந்த முடியைச் சரிசெய்துகொண்டாள். தரையை ஆடவைத்தவள், கடலில் நிலையாக இருந்தாள். போரோஸ் வருவதற்குள் இருநூறு பேர் அந்த வட்டத்துக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு மூச்சுவிட இருந்த கொஞ்ச நேரமும் போனது. கப்பல் நிறுவனத்தார் அவளை ஆள் எண்ணும் வேலையிலிருந்தும் பரிமாறும் வேலையிலிருந்தும் எடுத்து, கூடத்தின் நடுவில் நிற்கவைத்தார்கள். குமட்டல் கிடையாது என்று விளம்பரத்தில் போட்டார்கள். காற்று உள்ள நாளெல்லாம் ஜனங்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். கழிப்பறைக்குப் போனால் அறுபது பேர் பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே காத்திருந்தார்கள். சிலர் அவள் முழங்கையைத் தொட்டுக்கொண்டே கடலைப் படம் எடுத்தார்கள். சாயங்காலத்தில் அவள் கணுக்கால் இரண்டும் ரொட்டி மாவைப் போல உப்பியிருந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் கப்பல் தலைவர் யகூமிஸிடம் நாலு நாள் விடுப்புக் கேட்டாள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள்.

"லீவு எடுத்து எங்க போவ? தரைதான் உன்னைத் தாங்கமாட்டேங்குதே" என்றார்.

அன்று மாலை தொலைபேசியில், கொஞ்சம் உட்காரணும் போல இருக்கு என்று மட்டும் கணவரிடம் சொன்னாள். முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் எதற்கும் குறை சொல்லாதவள்.

மறுநாள் சனிக்கிழமை. தெற்குக் காற்று காலையிலேயே ஏறியிருந்தது. சராந்திஸ் சவரம் செய்துகொண்டு, இரண்டு எலுமிச்சையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பயணிகள் வரிசையில் நின்று சீட்டு வாங்கினார். கப்பல் வாசலில் வெளியூர்க்காரர்களை எடுக்கிற மாதிரி அவரையும் மிதவை வளையத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தில் அவர் முகம் ஏற்கெனவே பச்சையாக இருக்கிறது. கயிறு அவிழ்க்கும் முன்பே முதல் வாந்தி எடுத்தார். இத்ராவரை கீழ்த்தளத்தில் குப்புறக் கிடந்தார். கப்பல் இத்ராவில் நின்றபோதும், எல்லாரும் இறங்கிக் கழுதைகளைப் படம் எடுத்துத் திரும்பி வந்தபோதும், அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மேலே ஸ்தமாதியாவுக்கு அவர் வந்திருப்பதே தெரியாது.

இத்ராவை விட்டுக் கிளம்பிய பிறகு அவர் படிக்கட்டில் கையும் காலும் ஊன்றி ஏறினார். பதினாறு படி, ஒவ்வொரு படியிலும் ஒருமுறை நின்றார். கூடத்தில் ஜனங்களின் முதுகுதான் தெரிந்தது. கால்களுக்கு நடுவே கையை நீட்டினார். விரல்கள் அந்தக் கோட்டைத் தாண்டின. கைக்கு மட்டும் குமட்டல் நின்றது. அப்புறம் முழங்கைக்கு, தோளுக்கு. தலை உள்ளே போனதும் எழுந்து நின்று, ஆட்களை விலக்கிக்கொண்டு நடுவுக்கு வந்தார்.

"நீயா!" என்றாள் ஸ்தமாதியா. "உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? கடல் உனக்கு ஆகுமா?"

"உட்காருடி."

"எல்லாரும் நின்னுக்கிட்டு இருக்காங்க, சராந்திஸ்."

"நிக்கட்டும். காசு கொடுத்து வந்தவங்க நிப்பாங்க. நீ உட்காரு."

பக்கத்தில் நாற்காலியில் இருந்த ஒரு ஜெர்மன்காரருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் எழுந்துகொண்டார். ஸ்தமாதியா நாற்காலியை ஒருமுறை பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். சராந்திஸ் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, அவள் பாதங்களைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "கால் என்னடி இப்படி ஆயிருக்கு" என்றார். அவள் தூங்கிவிட்டிருந்தாள்.

அவள் தூங்கத் தூங்க வட்டம் பெருத்தது. முதலில் கூடம் முழுதும் நின்றது, பிறகு மேல்தளம், பிறகு கப்பல், பிறகு கப்பலைச் சுற்றிய கடல். காற்று அதுபாட்டுக்கு வீசியது, கொடி படபடத்தது, தண்ணீர் மட்டும் தேய்த்துப்போட்ட துணி மாதிரி கிடந்தது. இயந்திரம் ஓடியது, புகை போனது, கப்பல் நகரவில்லை. கரையில் கட்டிய வீட்டைப் போல நடுக்கடலில் நின்றது. யகூமிஸ் மேலிருந்து ஓடிவந்தார்.

"எழுப்பு அவளை! போரோஸுக்கு நேரமாச்சு!"

"எழுப்பினா உன்னைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன், யகூமிஸ்" என்றார் சராந்திஸ், குரலை உயர்த்தாமல். "எனக்கு நீச்சல் தெரியாது. இருந்தாலும் போடுவேன்."

யகூமிஸ் அவரைப் பார்த்தார், அந்தக் கால்களைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மேலே போய் இயந்திரத்தை நிறுத்தினார்.

சத்தம் அடங்கியதும் பயணிகள் கொஞ்ச நேரம் முணுமுணுத்தார்கள். ஆனால் அவர்களும் விடியற்காலையில் எழுப்பப்பட்டு, பேருந்தில் ஏற்றப்பட்டு, எண்ணப்பட்டு, மணி பார்த்து விரட்டப்பட்டவர்கள்தானே. டச்சுக்காரத் தம்பதி ஒன்று முதலில் தலை சாய்ந்தது. பிறகு அந்த ஜெர்மன்காரர் சுவரோரமாகச் சரிந்தார். கப்பலில் ஆடிக்காட்டும் நடனக்காரர்கள் பழங்காலக் கிரேக்க வெள்ளைப் பாவாடை உடுப்போடு ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தார்கள். மூன்று மணி வாக்கில் இருநூற்று எழுபத்தெட்டுப் பேரும் தூங்கினார்கள். என்ன ஆயிற்று என்று விசாரிக்க வந்த மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, வாயில் விரல் வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டுத் திரும்பினார். விழித்திருந்தது சராந்திஸ் ஒருவர்தான். பாதத்தை ஒவ்வொரு விரலாக அழுத்திவிட்டுக்கொண்டே, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலை அதன் நடுவிலிருந்து பார்த்தார். பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் நிறைய இருக்கிறது என்று பிற்பாடு தங்கையிடம் சொன்னார்.

ஆறரை மணிக்கு ஸ்தமாதியா கண் விழித்தாள். அலை வந்தது, கப்பல் கிளம்பியது. போரோஸையும் எகினாவையும் யாரும் பார்க்கவில்லை, யாரும் புகார் எழுதவும் இல்லை. பிரேயஸில் அவள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். துறைமுகம் வழக்கம்போல ஆடியது. சராந்திஸ் தள்ளாடினார். அவள் அவரைத் தாங்கிக்கொண்டு, வேலைக்குத் திரும்பப் போகப்போவதில்லை என்றாள்.

பெராமாவில் சராந்திஸுக்குத் தெரிந்த ஒருவரிடம் ஓட்டை விழுந்த பழைய மரப்படகு ஒன்று கிடந்தது. குளிர்காலம் முழுக்க அதைச் செப்பனிட்டு, கரையோரம் கட்டி, இருவரும் அதில் குடியேறினார்கள். அவள் உள்ளே இருக்கும்வரை அது அசைவதில்லை. அவள் கடைக்குப் போனால் அவரும் இறங்கி, வரும்வரை கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பார். அவர்கள் அங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. பாதங்களின் வீக்கம் முதல் வருடத்திலேயே வடிந்தது. களைப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை, இருபத்தாறு வருடத்துக் களைப்பு அல்லவா. கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

எவ்வளவு போயிருக்கிறது என்பது பெராமாவில் ரொட்டிக்கடை வைத்திருப்பவருக்குத் தெரியும். செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்கு அலமாரியில் ஜாடிகள் லேசாகக் கிணுகிணுத்தால், அவர் தலைநிமிராமலே ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

"வாங்கக்கா. இன்னிக்குக் கொஞ்சமாத்தான் ஆடுது. நல்லாத் தூங்கினீங்க போல?"

"தூங்கினேன்" என்கிறாள் ஸ்தமாதியா. ரொட்டியை வாங்கிக்கொண்டு, கடையில் போட்டிருக்கும் முக்காலியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.